ஒரு நாய் அதிகம்

"நாற்பத்தொண்ணு" என்றாள் கூண்டு கழுவும் அக்கா.

"நாற்பது" என்றார் மேற்பார்வையாளர்.

"மூணு தடவை எண்ணிட்டேன் சார்."

"மூணு தடவையும் தப்பா எண்ணியிருக்கே. பதிவேட்டுல நாற்பதுதான் இருக்கு."

"பதிவேட்டுல இருக்கறது குரைக்காது சார். இங்க குரைக்கிறது நாற்பத்தொண்ணு. வேணும்னா நீங்களே வந்து எண்ணிக்குங்க."

மேற்பார்வையாளர் எழுந்து போய் எண்ணினார். அந்தப் பொதுக் காப்பகத்தில் மாதம் ஒருமுறை, முதல் தேதியன்று, தீனி போடும் நேரத்தில்தான் எண்ணிக்கை எடுப்பார்கள். மற்ற நேரத்தில் நாய்கள் ஒரு இடத்தில் நிற்காது. தட்டு வைத்தால் நிற்கும். பூனைகள் பதினொன்று, அதில் தகராறு இல்லை. நாய்கள் நாற்பத்தொன்று.

அவர் மறுபடி எண்ணினார். இந்த முறை கடைசிக் கூண்டிலிருந்து ஆரம்பித்தார். அப்படி எண்ணினால் ஒன்று குறையும் என்று எப்படித்தான் தோன்றியதோ! குறையவில்லை.

நாய் குறைந்தால் மனிதர்கள் கவலைப்படுவார்கள், அதிகமானால் என்ன குடி முழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு அந்த அலுவலகம் தெரியாது. இவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், எண்ணிக்கையில் இரண்டு பூனை இடித்ததற்காக இறந்த பிராணிகள் அகற்றும் பிரிவுக்கு மாற்றப்பட்டார். அப்போதிருந்த வாட்ச்மேன் அந்த இரண்டையும் "இது என் பூனை சார்" என்று சொல்லிக் கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டாராம். இன்றைக்கும் அந்தப் பழைய அதிகாரி எதிரே வந்தால் சொந்தக்காரர்கள்கூட காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நின்று பேசுகிறார்கள்.

அடுத்ததற்கு அடுத்த திங்கட்கிழமை ஆய்வு. ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருக்கிறது. அந்த ஒன்றரை வருடத்தைச் செத்த மாட்டோடு கழிப்பதா, உயிருள்ள நாயோடு கழிப்பதா என்பது இப்போது ஒரே ஒரு நாயின் கையில் இருந்தது.

எது அந்த நாய் என்று கண்டுபிடிப்பது சுலபமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு நாயின் கழுத்திலும் எண் போட்ட தகர வில்லை தொங்கும். மூன்றாம் கூண்டில், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் தின்றுகொண்டிருந்த பழுப்பு நாயின் கழுத்து மட்டும் காலியாக இருந்தது. ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து, பார்ப்பதற்கு எதையோ பாதி கேட்டுவிட்டு மீதி வேண்டாம் என்று விட்டதுபோல் இருந்தது.

"இது எப்பம்மா வந்துச்சு?"

"தெரியாது சார். தட்டு வச்சா வரும், தின்னுட்டுப் போகும். கழுவறது என் வேலை. எண்ணறது உங்க வேலை."

வாரம் இரண்டு நாள் வரும் டாக்டரம்மா, "இதுக்கு ஏன் சார் இவ்வளவு வேர்க்குது உங்களுக்கு? பதிவேட்டுல ஏத்திடுங்க" என்றார்.

"நாய் வண்டிச் சீட்டு இல்லாம ஏத்தக்கூடாது டாக்டர். எந்த வண்டி, எந்தத் தெரு, எத்தனை மணி, எல்லாம் வேணும்."

"அப்ப வண்டிக்காரர்கிட்ட ஒரு சீட்டு வாங்குங்க."

வண்டிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "பிடிச்ச நாய்க்கே எனக்குச் சீட்டு எழுத வராது. பிடிக்காத நாய்க்கு எழுதச் சொல்றீங்களே சார்."

சரி, வெளியே விட்டுவிட்டால் போகிறது. மேற்பார்வையாளர் ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கி, நாயைத் தாமே நடத்திக்கொண்டு மூன்று தெரு தள்ளிப் போனார். ஒரு சந்துக்குள் பிஸ்கட்டை விசிறிவிட்டு, இந்த வயதில் ஓடக்கூடாத ஓட்டம் ஓடித் திரும்பினார். மூச்சு வாங்க கேட்டுக்கு வந்தபோது வாட்ச்மேன் எழுந்து சல்யூட் அடித்தார். அவர் காலடியில் பழுப்பு நாய் உட்கார்ந்து வாயை நக்கிக்கொண்டிருந்தது.

"எப்பய்யா வந்துச்சு?"

"இப்பதான் சார். ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும்."

இந்த வாட்ச்மேன் புதிது. ஐம்பது வயது, அதிகம் பேசாத மனிதர், கேட்டை ஒட்டிய அறையிலேயே தங்கல். போன மாதம் பத்தாம் தேதி வேலையில் சேர வந்தவரை நிற்கவைத்து, மேற்பார்வையாளர் ஒரு பிரசங்கமே செய்திருந்தார்.

"ரெண்டே ரெண்டு விதி. நல்லா கேட்டுக்க. ஒண்ணு, இந்தச் சுவத்துக்குள்ள நாலு காலோட எது நின்னாலும் அது அரசாங்கச் சொத்து. 'என்னோடது'ன்னு எவனாவது வாயத் திறந்தா அன்னைக்கே வேலை போயிடும். ரெண்டு, இங்கேருந்து எது வெளிய போனாலும் எந்த வீட்டுக்குப் போகுதுன்னு கேட் நோட்டுல விலாசம் எழுதணும். அடையாளத்தோட எழுதணும். புரிஞ்சுதா?"

வாட்ச்மேன் என்னவோ சொல்ல வந்து, "புரிஞ்சுது சார்" என்றார். அன்றிலிருந்து இரண்டு விதியையும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்து வந்தார். காப்பகத்தில் மேற்பார்வையாளர் முழுசாக நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

ஆக, நாய் சும்மா போகாது. தத்துக் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் தத்துப் படிவத்தில் வில்லை எண் கேட்பார்கள். மேற்பார்வையாளர் ஒரு பகல் முழுவதும் யோசித்தார். யோசித்து, பதினேழாம் எண் நாயின் கழுத்திலிருந்து வில்லையைக் கழற்றிப் பழுப்பு நாயின் கழுத்தில் கட்டினார். கணக்குக்கு நாற்பதில் ஒன்று போய் முப்பத்தொன்பது. கூண்டில் நாற்பத்தொன்றில் ஒன்று போய் நாற்பது. வித்தியாசம் அப்படியேதான் இருக்கிறது என்பது அந்த மனிதருக்குப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. தலையிலடித்துக்கொண்டார். சரி, இந்தத் திருட்டு நாய் ஒழிந்ததே, மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

எடுத்துப் போனவர் ஒரு தையல்காரர். கடைக்குக் காவலாக நாய் வேண்டுமாம். கேட்டில் வாட்ச்மேன் அவரை நிறுத்தி, விலாசத்தை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை தீனி நேரத்தில் பழுப்பு நாய் மூன்றாம் கூண்டில் நின்று தின்றுகொண்டிருந்தது. கழுத்து காலி.

மேற்பார்வையாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதிவேட்டில் முப்பத்தொன்பது, கூண்டில் நாற்பத்தொன்று. ஒன்று அதிகமாக இருந்தது இப்போது இரண்டாகிவிட்டது. அறைக்கு ஓடித் தையல்காரருக்குப் போன் போட்டார். நாயும் பின்னாலேயே வந்து அவர் செருப்பை நக்க ஆரம்பித்தது.

"காப்பகத்துலேருந்து பேசறேன். நாய் எப்படி இருக்கு?"

அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் சட்டென்று நின்றது.

"நல்லா இருக்கு சார். ரொம்ப நல்லா இருக்கு."

"இப்ப என்ன பண்ணுது?"

"இதோ, மிஷினுக்குக் கீழ படுத்துத் தூங்குது சார்."

மேற்பார்வையாளர் குனிந்து தம் காலடியைப் பார்த்தார். நாய் நிமிர்ந்து அவரைப் பார்த்தது.

"கொஞ்சம் குரைக்கச் சொல்லுங்க, கேட்போம்."

"அது... கொஞ்சம் கூச்ச சுபாவம் சார்."

"பரவாயில்ல, சொல்லுங்க."

யாரோ தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு "வவ்" கேட்டது. ஆயுளில் முதல் தடவையாகக் குரைக்கும் ஒரு தையல்காரரின் "வவ்" அது. போன் வைக்கப்பட்டுவிட்டது.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. தத்துப் படிவத்தின் ஒன்பதாம் நிபந்தனை, "தத்தெடுத்த பிராணியைத் தொலைப்பவர்மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்" என்கிறது. 'கடும்' என்ற சொல்லை நம் மேற்பார்வையாளர்தான் போன வருடம் சேர்த்தார்.

ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு ஒன்பதாம் நிபந்தனையெல்லாம் ஞாபகம் வரவில்லை. ஒரே மாதிரி இரண்டு நாய் இருக்க வேண்டும் என்று நினைத்தார். டாக்டரம்மாவிடம் சொல்லி, பழுப்பு நாயின் மடிந்த காதுக்குப் பின்னால் ஊதா மருந்தில் ஒரு பொட்டு வைக்கச் சொன்னார்.

"காயம் ஒண்ணும் இல்லையே சார்?"

"நாய்க்கு இல்ல டாக்டர்" என்றார்.

இந்த முறை வந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். தனியாக இருக்கிறாராம், பேச்சுத்துணை வேண்டுமாம். மேற்பார்வையாளர் இருபத்துமூன்றாம் எண் வில்லையைக் கழற்றிக் கட்டி அனுப்பினார். கேட்டில் வாட்ச்மேன், "எந்த மாடி டீச்சர்? படியா, லிப்ட்டா?" என்று விவரமாகக் கேட்டு எழுதிக்கொண்டதை ஜன்னல் வழியாகப் பார்த்து, இப்படி நாலு பேர் இருந்தால் நாடு எங்கேயோ போய்விடும் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் காலை, மூன்றாம் கூண்டில் பழுப்பு நாய். காதுக்குப் பின்னால் ஊதாப் பொட்டு. பதிவேட்டில் முப்பத்தெட்டு, கூண்டில் நாற்பத்தொன்று.

"டீச்சர், நாய் எப்படி இருக்கு?"

"பிரமாதமா இருக்கு சார். இப்பதான் வாக்கிங் போயிட்டு வந்தோம்."

"காதுக்குப் பின்னால ஊதாப் பொட்டு இருக்கா?"

"ம்... இருக்கு, இருக்கு. பளிச்சுன்னு இருக்கு."

மேற்பார்வையாளர் அந்தப் பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் ஊதாவானது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், மனைவியிடம் விரலை நீட்டி, "இது என்ன கலர்?" என்று கேட்டார்.

"ஊதா. ஏங்க?"

"ஒண்ணுமில்ல. எனக்கு மட்டும்தான் தெரியுதோன்னு பார்த்தேன்."

மனைவி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மகனிடம் போய்க் கிசுகிசுத்தாள். மகன் மருமகளிடம் கிசுகிசுத்தான். அந்த வீட்டில் அவரைப் பற்றிய எல்லாம் அவரைத் தவிர மற்ற மூன்று பேருக்குள்தான் நடக்கும்.

சனிக்கிழமை வந்துவிட்டது. திங்கட்கிழமை ஆய்வு. மேற்பார்வையாளர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடினார். முப்பத்தோரு வருட சர்வீஸில் ஒரு நாள்கூட ஒரு எழுத்து அடித்துத் திருத்தியதில்லை. இப்போது இரண்டு பொய்ப் படிவம். ஒரு நாயை மறைக்கப் போய் மூன்று நாய் அதிகமாக நிற்கிறது. இனி ஒரே வழிதான் இருந்தது. யாரையும் நம்புவதற்கில்லை. நாயைத் தம் கண்ணெதிரிலேயே வைத்துக்கொள்வது, ஆய்வு முடிகிற வரைக்குமாவது. முப்பத்தொன்றாம் எண் வில்லையைக் கழற்றிப் பழுப்பு நாய்க்குக் கட்டினார். தத்தெடுப்பவர் பெயர் என்ற இடத்தில் தம் பெயரையே எழுதினார்.

கேட்டில் வாட்ச்மேன் நோட்டை விரித்தார்.

"விலாசம் சார்."

"யோவ், எனக்கேவா?"

"நீங்க போட்ட விதி சார்."

மேற்பார்வையாளருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சொன்னார்.

"அடையாளம்?"

"மருந்துக் கடைக்கு எதிர்ச் சந்து. நீலக் கேட்டு."

"கேட்டுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கமா சார், வெளிப்பக்கமா?"

"உள்பக்கம். எதுக்குய்யா?"

"நாய் ஓடிடக் கூடாதில்ல சார்."

"உன்ன மாதிரி ஒரு ஆள் பத்து வருஷம் முன்னாடியே கிடைச்சிருக்கணும்யா" என்று தோளைத் தட்டினார். வாட்ச்மேன் தலை குனிந்துகொண்டார்.

வீட்டில் மனைவி ஒரே வார்த்தைதான் சொன்னாள். "ரெண்டு நாள்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாய் தின்னவில்லை. கேட்டைப் பார்த்தபடி வராந்தாவில் படுத்திருந்தது. மேற்பார்வையாளரும் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். உள்ளே மனைவி, மகன், மருமகள் மூவரும் டிவி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சோபாவில் மூன்று பேர்தான் உட்காரலாம்.

"உன் கழுத்துல இருக்கறது இரவல் வில்லை, எனக்கு ஆபீஸ்ல கொடுத்தது சொந்த வில்லை. மத்தபடி நமக்குள்ள பெரிய வித்தியாசம் இல்லடா" என்றார் நாயிடம். "எங்க எண்ணினாலும் நாமதான் அந்த ஒண்ணு. ஆபீஸ்ல நீ அதிகம், வீட்டுல நான் அதிகம். என்ன ஒண்ணு, உன்ன யாராவது தேடுவாங்களான்னு உனக்குத் தெரியாது. என்ன யாரும் தேட மாட்டாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

நாய் நிமிர்ந்த காதை மட்டும் அவர் பக்கம் திருப்பியது. முப்பத்தோரு வருடத்தில் அவர் பேச்சை அவ்வளவு நேரம் குறுக்கிடாமல் கேட்ட ஒரே ஜீவன் அதுதான். அவர் அதன் தலையில் கையை வைத்தார். நாளைக்கு எல்லாம் சரியாகிவிட்டால் இதை இங்கேயே வைத்துக்கொண்டால் என்ன என்றுகூட நினைத்தார். மனைவியிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே அங்கேயே கண் அசந்துவிட்டார்.

விழித்தபோது வராந்தா காலி. நீலக் கேட்டின் தாழ்ப்பாள் திறந்திருந்தது.

அவர் தெருத் தெருவாகத் தேடினார். மருந்துக் கடையில் கேட்டார். பேர் தெரியாததால், "டேய், டேய்" என்று கத்திக்கொண்டே ஓடினார். நாலு பேர் திரும்பிப் பார்த்து முறைத்தார்கள். திரும்பி வந்ததும் மனைவி, "நல்லதாப் போச்சு, விடுங்க" என்றாள். அவர் படியிலேயே உட்கார்ந்திருந்தார். ஆய்வை நினைத்து வரவேண்டிய பயத்தைவிட, அந்தத் தலையின் சூடு கையில் இன்னும் இருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஆய்வு அதிகாரி வந்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் அம்மாள். தீனி நேரத்தில் தாமே எண்ணினார்.

"பதிவேட்டுல முப்பத்தேழு. கூண்டுல நாற்பத்தொண்ணு. நாலு நாய் எங்கேருந்து வந்துச்சு?"

மேற்பார்வையாளர் மூன்றாம் கூண்டைப் பார்த்தார். பழுப்பு நாய் தட்டை நக்கிக்கொண்டிருந்தது. அந்த நிலைமையிலும், பாவி மனிதருக்கு, அப்பாடா என்று ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது.

"நாலு இல்ல மேடம், ஒண்ணுதான் அதிகம்" என்றார்.

"நாற்பத்தொண்ணுல முப்பத்தேழு போனா ஒண்ணா?"

"அந்த ஒண்ணுதான் மேடம் மூணு தடவை போயிட்டுத் திரும்பி வந்துடுச்சு." இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, வில்லை கழற்றியது முதல் ஊதாப் பொட்டு வரை எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு அறைக்கு வந்து மேஜைப் போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தையல்காரரிடம் பேசினார். நாய் மிஷினுக்குக் கீழே படுத்திருக்கிறது என்றார் அவர், கேட்காமலே ஒரு முறை குரைத்தும் காட்டினார். அடுத்து அதிகாரி டீச்சரிடம் பேசினார். நாய் இப்போதுதான் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறதாம், எழுப்ப மனம் வரவில்லையாம்.

"அவங்க ரெண்டு பேரும் பொய் சொல்றாங்க, நீங்க உண்மை சொல்றீங்க. அப்படித்தானே?"

"ஆமா மேடம்."

"ஒரு தெரு நாய் மூணு வீட்டுக் கதவைத் திறந்துகிட்டு, மாடி இறங்கி, வழி விசாரிச்சு, காலையில தீனி நேரத்துக்குச் சரியா வந்து சேருது."

சொல்லிக் கேட்டபோது மேற்பார்வையாளருக்கே அது நம்பும்படி இல்லை. அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியல மேடம். சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியல."

அதிகாரி எழுதிக்கொண்டே சொன்னார். "உங்களை இறந்த பிராணிகள் அகற்றும் பிரிவுக்கு மாத்தறேன். நாளையிலேருந்து. வில்லை இல்லாத நாலு நாயையும் வண்டியில ஏத்தி வெளியூர்க் காப்பகத்துக்கு அனுப்புங்க. அந்தப் பழுப்பை முதல்ல ஏத்துங்க."

வண்டிக்காரர் சுருக்குக் கயிறோடு கூண்டுக்குள் போனார். நாய் முரண்டு பிடிக்கவில்லை. ஆனால் வண்டிக்கு நடக்கும்போது கேட்டுப் பக்கமே திரும்பிப் பார்த்தபடி நடந்தது. ஜன்னல் வழியாக மேற்பார்வையாளரால் அதைப் பார்க்க முடியவில்லை. "மேடம், என்ன எங்க வேணும்னாலும் அனுப்புங்க. அத மட்டும் விட்டுடுங்க மேடம், அது ஒரு தப்பும் பண்ணல" என்றார்.

"யாரோட நாய்னு எழுதி விடச் சொல்றீங்க? சொந்தக்காரன்னு ஒருத்தன் இருந்தா கூட்டிட்டுப் போகட்டும். இருக்கானா?"

வாசலில் நின்ற அக்கா துடைப்பத்தைப் பார்த்தாள்.

அப்போது வாட்ச்மேன் உள்ளே வந்தார். கூப்பிடாமல் அவர் அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து மூன்று தகர வில்லைகளை எடுத்து, பதினேழு, இருபத்துமூன்று, முப்பத்தொன்று என்று மேஜையில் வரிசையாக வைத்தார். அவற்றின்மேல் கேட் நோட்டை வைத்தார்.

"அரசாங்கச் சொத்து சார், பத்திரமா எடுத்து வச்சிருந்தேன்" என்றார் மேற்பார்வையாளரைப் பார்த்து. "வேலை போனாப் போகட்டும் சார், அது என் நாய், விலாசம் எழுதச் சொன்னீங்களே, அத வச்சுத்தான் மூணு தடவையும் போய்க் கூட்டிட்டு வந்தேன்."